பொழப்பு எங்கே பிடிபடுகிறது: கொங்கு வட்டாரத்தில் வேலைக்குள் நுழைபவர்களின் கேள்விகள்

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில கேள்விகள் பெற்றோர் கேட்டவை, சில பிள்ளைகள் கேட்டவை. கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

இப்ப நல்லா இருக்கறவங்க எல்லாம் அவங்க வேலைய எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?

பெரும்பாலானவர்கள் முதல் வேலையில் கண்டுபிடிக்கவில்லை. முதல் வேலை சொந்தக்காரர் சொன்னதாகவோ, பஸ் வசதிக்காகச் சேர்ந்ததாகவோதான் இருக்கும். அங்கே நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் நடந்த வேலை கண்ணில் பட்டது, அதற்கு நகர்ந்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர், ஆர்டரை வாங்கியதிலிருந்து கப்பல் ஏற்றும் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆவதும், லேத்தில் ஹெல்பராக நின்றவர் அந்த லேத்துக்கே புரோகிராம் எழுதுபவர் ஆவதும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒயர் இழுத்துக் கொடுத்த பையன் வண்டி எலக்ட்ரீசியன் ஆவதும் இப்படித்தான்.

அதனால் "எந்தத் தொழில்?" என்று மட்டும் யோசித்தால் பாதிதான் யோசித்ததாகும். சேரும் இடத்தில் பக்கத்து மேசையில் என்ன வேலை நடக்கிறது, அங்கே போக விடுவார்களா என்பது மீதிப் பாதி. பத்துப் பேர் ஒரே வேலை செய்யும் இடத்தில் அஞ்சு வருசம் இருந்தாலும் நகர வழி இருக்காது. பதினைந்து பேர் இருந்து ஆறு விதமான வேலை நடக்கும் சின்ன யூனிட்டில் ஒரே வருசத்தில் மூன்றைப் பார்த்துவிடலாம்.

கோயமுத்தூர்ல மோட்டார், திருப்பூர்ல பனியன், நாமக்கல்ல லாரி. இந்தக் கதையெல்லாம் எம்பையனுக்கு எதுக்குங்க?

ஊரும் இதே மாதிரிதான் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்ததால் 1888லேயே கோவைக்கு ஸ்பின்னிங் மில் வந்துவிட்டது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. கிணறு ஆழமான பூமி, கரண்டும் வந்துவிட்டது, அதனால் பம்புசெட். பம்புக்கு வார்ப்பு வேண்டியிருந்ததால் ஃபவுண்டரி, வார்ப்பைக் கடைய லேத், சின்ன மோட்டார் கைவசம் இருந்ததால் வெட் கிரைண்டர். அந்தக் கிரைண்டர் இன்று ஊர் பெயரோடு புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது.

பையனுக்கு இதில் என்ன பயன் என்றால், ஒரு தொழில் தெரிந்தவனுக்கு ஒட்டியிருக்கும் நாலு தொழில் நம் ஊரில் பஸ் போகும் தூரத்திலேயே இருக்கிறது. ஃபவுண்டரியில் பேட்டர்ன் (வார்ப்புக்கான அச்சு மாதிரி) பார்க்கத் தெரிந்தவனைப் பம்பு கம்பெனியும் எடுக்கும், வால்வு கம்பெனியும் எடுக்கும். வீடு மாற்றாமலே வேலை மாறலாம்.

பத்தாவது முடிச்சிருக்கானுங்க. நேரா பட்டறைக்கு அனுப்பறதா, ஐ.டி.ஐ.யா, டிப்ளமாவா?

நேராக அனுப்பாதீர்கள். பட்டறையில் கற்றுக்கொள்ள முடியாது என்பதல்ல காரணம். ஐந்து வருசம் கழித்துப் பெரிய கம்பெனி வாசலில் நிற்கும்போது காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எதை எடுத்தாலும் அது இருக்கும். பிறகு படிக்க ஆசை வந்தால் ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டும், டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டும் சேர வழி உண்டு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ஐ.டி.ஐ., டிப்ளமா, டிகிரி எதில் சேர்ந்தாலும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாசம் 1,000 ரூபாய் வரும். இதை விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. லேத்தில் மூன்று படி இருக்கிறது. ஆபரேட்டர் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய பீஸை, மாட்டிக் கழற்றி அளந்து பார்ப்பார். செட்டர் டூல் கட்டி, சக் தாடை மாற்றி, ஆஃப்செட் எடுத்து முதல் பீஸை ஓகே பண்ணிக் கொடுப்பார். புரோகிராமர் படத்தைப் பார்த்து எந்த வரிசையில் கடைவது என்று எழுதுவார். சம்பளம் ஒழுங்காக ஏறுவது இரண்டாம் படியில் இருந்துதான். ஆனால் நிறையப் பேர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அளவு எடுப்பதில் ஏற்படும் சின்னத் தடுமாற்றம்தான் காரணம்.

ஒரு உதாரணம். ஷாஃப்ட் 25.00 மி.மீ. வர வேண்டும், மைக்ரோமீட்டரில் 25.04 காட்டுகிறது. டூல் தேய்வதைச் சரிக்கட்ட மெஷினில் போடும் திருத்த எண்ணான வேர் ஆஃப்செட்டில் ஏற்கனவே மைனஸ் 0.12 இருக்கிறது. மைனஸ் 0.04 என்று தட்டிப் "பிளஸ் இன்புட்" அழுத்தினால் அது மைனஸ் 0.16 ஆகும், அடுத்த பீஸ் 25.00 வரும். அவசரத்தில் வெறும் "இன்புட்" அழுத்தினால் பழைய எண் அழிந்து மைனஸ் 0.04 மட்டும் நிற்கும், அடுத்த பீஸ் 25.12 வரும். இது பெருத்துப்போன பீஸ், மறுபடி கடைந்துவிடலாம். புள்ளியை மாற்றி மைனஸ் 0.4 என்று தட்டினால் 24.64. அது நேராக ஸ்கிராப். தவறு எந்தப் பக்கம் போனால் பீஸைக் காப்பாற்றலாம், எந்தப் பக்கம் போனால் முடியாது என்று தெரிந்தவனைத்தான் செட்டர் ஆக்குவார்கள். துளை கடையும்போது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

பையனுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க வேறு சோதனை வேண்டாம். மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஒரே பீஸைப் பத்து முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். பத்தும் 0.01க்குள் வந்து, அவன் முகமும் சலிக்காமல் இருந்தால் அனுப்பலாம்.

அப்ரண்டிஸ்னு எடுத்தா அங்கயே வேலை குடுத்துருவாங்களா?

உறுதி கிடையாது. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. உதவித்தொகை உண்டு, கடைசியில் தேர்வும் சான்றிதழும் உண்டு. பதிவு எண் போட்ட ஒப்பந்தம் இல்லாமல் வாயால் "அப்ரண்டிஸ்" என்று சொல்லி வைத்திருந்தால் அந்தச் சான்றிதழ் வராது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

புள்ளைக்குத் திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் ஆகோணும்னு ஆசைங்க. என்ன படிக்கோணும்?

ஆடை வடிவமைப்போ டெக்ஸ்டைலோ படித்தால் நல்லது. பி.காம். முடித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். படிப்பு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே துணி பேசும் பேச்சுப் புரிய வேண்டும்.

ஜி.எஸ்.எம்.மை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை, எடுத்துக்கொள்வோம். துணியை வட்டமாக வெட்டும் கட்டர் ஒன்று இருக்கிறது, அது வெட்டும் பரப்பு சரியாக 100 சதுர செ.மீ. அந்த வட்டத்தைத் தராசில் வைத்து, கிராமை 100ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.80 கிராம் என்றால் 180. ஓர் இடத்தில் மட்டும் வெட்டக் கூடாது. துணியின் அகலத்தில் கரை, நடு, மறுகரை என்று ஐந்து இடத்தில் வெட்டிச் சராசரி எடுக்க வேண்டும். துணி பின்னால் சுருங்காமல் இருக்க முன்கூட்டியே நெருக்கிவிடும் காம்பாக்டிங்கில் இருந்து சூடாக வந்தவுடன் வெட்டினாலும் எண் பொய் சொல்லும், கொஞ்ச நேரம் தளர விட வேண்டும்.

இந்த எண் 10 தவறினால் என்ன ஆகும்? பீஸுக்கு 200 கிராம் துணி என்று கணக்குப் போட்டு 10,000 டி-ஷர்ட்டுக்கு 2,000 கிலோ வாங்கியிருக்கிறீர்கள். 180 கேட்ட இடத்தில் 190 வந்துவிட்டால் அதே பீஸுக்கு 211 கிராம் பிடிக்கும். 2,000 கிலோவில் சுமார் 9,470 பீஸ்தான் வரும், 530 பீஸ் குறையும். அந்தக் குறைக்காக மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டால் ஷேடு பழைய லாட்டோடு ஒத்துப்போகாது. சரி, எடையைக் குறைக்கக் காம்பாக்டிங்கைத் தளர்த்தலாமே என்றால், வாடிக்கையாளர் முதல் தடவை துவைக்கும்போதே சட்டை சுருங்கிவிடும். மெர்ச்சண்டைசர் பார்க்கிற வேலையில் பாதி இந்த மாதிரி விஷயம். இங்கிலீஷில் மெயில் எழுதுவது மீதிப் பாதியில் ஒரு சின்னப் பங்கு.

இன்னொன்று நாள் கணக்கு. தூத்துக்குடியில் கப்பல் ஏறும் தேதியில் இருந்து பின்னாலே எண்ணி வர வேண்டும்: பேக்கிங், தையல், கட்டிங், துணி வந்து சேரும் நாள், சாயம், அதற்கும் முன்னால் லேப் டிப் ஓகே (சாய நிற மாதிரிக்கு வாங்குபவர் தரும் சம்மதம்). ஷேடு ஓகே ஆவதில் ஒரு வாரம் இழுத்தால் அந்த வாரம் கடைசியில் விமானச் சரக்குக் கூலியாக வந்து விழும். ஆர்டரில் நின்ற லாபம் அதிலேயே போய்விடும்.

ஆகவே, படிப்பு முடிந்ததும் நேராக மெர்ச்சண்டைசிங் மேசையில் உட்காரத் துடிக்க வேண்டாம். ஆறு மாதம் செக்கிங் மேசையிலோ சாம்பிள் செக்‌ஷனிலோ நிற்கட்டும். துணி ஓட்டை, ஊசி ஓட்டை, ஸ்கிப் தையல், ஷேடு மாற்றம் இதையெல்லாம் விரல் தொட்டு அறிந்த பிறகு மேசைக்குப் போனால், மாஸ்டரும் டெய்லரும் அவள் சொல்வதை மதிப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் தனியாக வர வேண்டியிருக்கும். கம்பெனி வண்டி எது வரைக்கும் விடும் என்று முதலிலேயே கேளுங்கள்.

மில் வேலை இனி இருக்குமாங்க?

ஆள் குறைந்திருக்கிறது, வேலை ஒழியவில்லை. வளர இடம் இருப்பது மெயின்டனன்ஸிலும் தர ஆய்வுக் கூடத்திலும். ஆய்வுக் கூடத்தில் முதலில் சொல்லித்தருவது நூல் கவுண்ட் எடுப்பது, அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்று எண்ணால் சொல்வது: நூலை அளந்து சுற்றும் ராப் ரீலில் 120 கஜம் சுற்றி, கிராமில் எடை போட்டு, 64.8ஐ அந்த எடையால் வகுக்க வேண்டும். 1.62 கிராம் வந்தால் கவுண்ட் 40, மில் பேச்சில் 40ஸ். இரவு ஷிப்டில் ஏசியும் ஈரப்பதமும் மாறினால் எடை மாறும், அதனால் எந்த நேரத்தில் எடுத்த கவுண்ட் என்று எழுதாத பேப்பருக்கு மதிப்பில்லை.

பெண் பிள்ளைகளை விடுதியோடு மில்லுக்கு அனுப்பும் வீடுகளுக்கு ஒன்று. மூன்று வருசம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி எடுத்த முறை இந்தப் பக்கம் "சுமங்கலித் திட்டம்" என்று பேர் வாங்கிக் கெட்டுப்போனது. நடுவில் உடம்பு முடியாமல் வந்த பெண்கள் அந்தப் பணத்தைப் பார்க்கவேயில்லை. சம்பளம் மாதாமாதம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும். வேறு எப்படிச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்குக் கால்நடை மருத்துவந்தான் படிக்கோணுமா?

படித்தால் நல்லது. ஐந்தரை வருசப் படிப்பு, நாமக்கல்லிலேயே கல்லூரி இருக்கிறது, போட்டியும் கடுமை. படிக்காவிட்டாலும் சூப்பர்வைசர், தீவன ஆலை, தடுப்பூசிக் குழு, மூக்கு வெட்டும் குழு என்று வழி உண்டு.

பண்ணையில் நல்ல சூப்பர்வைசர் யார் என்பது காலை ஏழு மணிக்குத் தெரியும். முட்டைக் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். 10,000 கோழி ஷெட்டில் 1,100 கிலோ. முந்தின நாள் போட்டதில் 80 கிலோ தொட்டியிலேயே கிடந்தால், முட்டை இன்னும் குறையவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. முட்டை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் குறையும். தண்ணீர்க் குழாயில் அடைப்பா, வெயிலா, தீவனத்தில் பூஞ்சையா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காமல் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு போய், ஊசி போட்டும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது என்று அழுவது இன்னும் நடக்கிறது. நாற்றம் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இல்லாததுதான் பழகாது.

லாரி ஓட்டப் போறேங்கறான். ரிக் வண்டிக்குப் போறேன்னும் சொல்றான்.

லாரிக்கு முதலில் வயசு. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 ஆக வேண்டும். அதோடு இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆகியிருந்தால்தான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். அதனால் 18 முடிந்த கையோடு கார் லைசென்ஸ் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்ற விதி 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது. பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்ட மூன்று நாள் தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அது இருப்பவருக்கு ட்ரிப் நிற்பது குறைவு.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோடு ரிக் வண்டி வேறு உலகம். வெளி மாநிலத்தில் மாதக்கணக்கில் கேம்ப், இரவு பகல் தூசியும் சத்தமும். முதலில் ராடு எடுத்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்வார்கள். ஒரு ராடு 20 அடி, 30 ராடு இறங்கினால் 600 அடி. காசு அடிக்கணக்கில் என்பதால் தோட்டக்காரரும் ராடைத்தான் எண்ணுவார், டிரில்லரும் அதைத்தான் எண்ணுவார். டிரில்லர் ஆகிறவன் சத்தத்தை வைத்துப் பாறை மாறுவதைக் கண்டுபிடிப்பவன். மண் சரியும் இடத்தில் துளையைத் தாங்கும் கேசிங் குழாயை எங்கே நிறுத்துவது என்று தவறாகக் கணித்தால் சுத்தியலோடு பிட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காதுக்கும் மூக்குக்கும் ஏதாவது கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

விவசாயக் குடும்பங்க. தோட்டத்த விட்டு வெளிய போகாம ஏதாச்சும்?

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் தரம் பார்ப்பது ஒரு கண்ணு வேலை. மஞ்சளின் விரலியை (விரல் போல நீண்ட கிழங்கை) ஒடித்துச் சத்தத்தையும் உள் நிறத்தையும் பார்த்தே விலை சொல்வார்கள். வேக்காடு அதிகமானால் நிறம் மங்கும், குறைந்தால் ஒடியும்போது நொறுங்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்கு நாலு சீசன் போய் நின்றால்தான் இது வரும். பொள்ளாச்சியில் தேங்காய் வெட்ட 45 நாளுக்கொரு தரம் ஆள் வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. மிஷினில் மரம் ஏற தென்னை வளர்ச்சி வாரியம் பயிற்சி நடத்துகிறது. கௌரவம் பார்க்காத பையனுக்கு நல்ல வருமானம்.

ஜி.டி.நாயுடு படிக்காமத்தானே பெரிய ஆளானாரு?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. கோவையின் பேர் பெற்ற கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபருமான அவர் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் பைக் வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பஸ் விட்டார். எல்லாம் சரி. அதே ஆள்தான் 1945இல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்க முன்னால் நின்றவர். படிப்பு வீண் என்று நினைத்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார். வருசத்தை வீணாக்காதே, கையால் செய்து படி என்பதுதான் அவர் வாதம்.

எங்க புள்ளைக்கு மெஷினே ஆகாதுங்க. ஆபீஸ் வேலை?

சி.ஏ. என்றால் ஃபவுண்டேஷனில் 4 தாள், இன்டரில் 6, ஃபைனலில் 6, நடுவில் 2 வருசம் ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. திருப்பூர், கரூர் ஆடிட்டர் ஆபீஸில் அதைச் செய்தால் ஏற்றுமதிக் கணக்கும் ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் கையோடு வந்துவிடும். பெயிலாகி நின்றுவிட்டாலும் இந்த ஊரில் அக்கவுண்டன்டாகப் பிழைக்க முடியும். நர்சிங்கில் ஜி.என்.எம். 3 வருசம், பி.எஸ்சி. 4 வருசம். சேர்வதற்கு முன் இரவு டூட்டி பார்க்கும் ஒரு அக்காவோடு ஒரு மணி நேரம் பேச விடுங்கள்.

மூணு மாசத்துல திரும்பி வந்துட்டானுங்க. புடிக்கலைங்கறான்.

எது பிடிக்கவில்லை என்று பிரித்துக் கேளுங்கள். "போர்மேன் திட்டறார்" என்றால் கம்பெனியை மாற்றலாம், தொழிலை மாற்ற வேண்டாம். "கால் வலிக்குது" என்றால் பழக ஒரு மாதம் பிடிக்கும், அப்புறமும் வலித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் கை வெந்தாலோ, பஞ்சுத் தூசியில் திங்கட்கிழமைதோறும் நெஞ்சு இறுகினாலோ அனுப்பவே கூடாது. "வேலை புரிஞ்சிருச்சு, அதனாலதான் போர் அடிக்குது" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், அடுத்த மேசைக்குக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

நம்ம தறி இருக்கு. அதப் பாக்க மாட்டேங்கறானே?

சோமனூர், பல்லடம் பக்கத்தில் இந்த வருத்தம் நிறைய. கூலிக்கு நெசவு செய்யும்போது விலை நம் கையில் இல்லை என்பதைப் பையன் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறான், அவன் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வருசம் துணி வாங்கும் இடத்துக்கோ பிராசஸிங் யூனிட்டுக்கோ வேலைக்கு அனுப்பிப் பாருங்கள். நம் துணி எங்கே போய் என்ன விலைக்கு விற்கிறது என்று தெரிந்தபின் திரும்பி வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அவனுக்குத் துணித் தொழில் கைக்கு வந்திருக்கும்.

சேரப் போற அன்னிக்கு என்னென்ன கேக்கோணும்?

சம்பளம் எந்தத் தேதியில், கையிலா வங்கியிலா. ஷிப்டு எட்டு மணி நேரமா பன்னிரண்டா, ஓவர்டைமுக்கு என்ன கணக்கு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா, பிடிப்பதாகச் சொன்னால் இரண்டாம் மாதம் பி.எஃப். எண்ணைப் போட்டுப் போனில் பார்த்துவிடலாம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் நகலைக் கொடுத்துவிட்டு அசலோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பிறகு, கேட் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, ஷிப்டு முடிந்து வருபவரிடம் கேளுங்கள்: "இங்க ஹெல்பராச் சேந்து மேல போனவங்க யாராச்சும் இருக்காங்களாண்ணா?" ஒரு பெயர் சொன்னால் உள்ளே போகலாம். யோசித்துவிட்டு டீயைக் குடித்தால் அடுத்த கம்பெனிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.